இல்லை என்று சொல்லப் போன இடங்கள்

ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வருவது குறைந்துவிட்டது. போன மாதம் நிரோஷா அழைத்தாள். நான் இருந்த இடத்துக்கு இப்போது வந்திருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர் அவள். பதுளைப் பக்கத்துப் பெண். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"மிஸ், இப்ப விண்ணப்பமெல்லாம் ஃபோன்லயே அனுப்புறாங்க. கெடைக்காதவங்களுக்கு மெசேஜ் தானாவே போயிருது. நேத்து டயகமயிலருந்து ஒரு பஜனைக் குழுத் தலைவர் ஃபோனத் தூக்கிக்கிட்டு வந்தாரு. இங்கிலீசுல என்னமோ வந்திருக்கு, வாசிச்சுச் சொல்லுங்கன்னாரு. நான் வாசிச்சேன். அவரு ஒண்ணும் பேசல. அப்படியே நின்னாரு. எனக்கு என்ன செய்யுறதுன்னே தெரியல. நீங்கல்லாம் எப்படி மிஸ் சொன்னீங்க?"

அதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எங்கு தொடங்கினாலும் ஒரே தோட்டத்தில்தான் போய் நிற்கிறேன் என்று.

எங்கள் அறக்கட்டளையைக் கொழும்பில் ஒரு வியாபாரக் குடும்பம் தொடங்கியது. மலையகத்துக்கான அலுவலகம் ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. காலையில் படியேறும்போதே பாண் வாசனை வரும். கூத்துக் குழுக்கள், பஜனைக் குழுக்கள், வாசிகசாலைகள், இளைஞர் கழகங்கள், பெண்களின் நாடகக் குழுக்கள் என்று தோட்டங்களில் இருக்கும் சின்னச் சின்ன அமைப்புகளுக்கு உதவுவதுதான் வேலை. ஒரு மத்தளம், மேடைக்கு விரிக்கும் துணி, ஒலிபெருக்கி, அடுத்த தோட்டத்துக்குப் போக ஒரு வேன் கூலி, இப்படித்தான் கேட்பார்கள். பெரிதாக யாரும் கேட்டதில்லை.

நான் கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். உயர்தரம் எழுதி, தட்டச்சுப் படித்து, அந்த அலுவலகத்துக்கு எழுத்து வேலைக்கு வந்தேன். வந்த இரண்டாம் வருடமே அலுவலகப் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி மேடம் என்னைத் தட்டச்சு மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்.

"விஜயா, உமக்குத் தோட்டத்திலை நடக்கத் தெரியும். இந்தக் கதிரை வேறை ஆருக்கும் பொருந்தும். நீர் வெளியிலை போம்."

மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் ஹட்டனுக்கு ஆசிரியையாக வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைத்தறிச் சேலையும் கறுப்புக் குடையுமாக வருவார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், யாரிடமும் நெருங்கவும் மாட்டார். என் பேச்சும் அவர் பேச்சும் கடைசிவரை ஒட்டவே இல்லை. நான் "வாறாங்க" என்பேன், அவர் "வருகினம்" என்பார். ஆனால் வேலையில் எனக்குத் தெரிந்த எல்லாமே அவரிடம் கற்றதுதான்.

ஒரு குழுவைப் பார்க்கப் போனால் வாகனத்தைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தடிக்குக் கொண்டுபோகக் கூடாது. பஸ்ஸில் போய், இறங்கி நடக்க வேண்டும். அவர்கள் ஒத்திகை பார்த்துப் பழகும் இடத்திலேயே, பழகும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். நமக்காக மேடை போடச் சொல்லக் கூடாது. முன்னால் கதிரை போட்டு உட்காரச் சொன்னால், அதைத் தூக்கிப் பக்கத்துச் சுவரோடு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். திரும்பி வந்ததும் அறிக்கை. "கண்டதை எழுதும். நினைச்சதை எனக்கு வாயாலை சொல்லும். ரெண்டையும் கலக்காதையும்," என்பார்.

எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாக இருந்தது ஒரு விஷயத்தில்தான். உதவி கிடைத்தவர்களுக்குக் கடிதம் போகும். கிடைக்காதவர்களிடம் நாம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

"சந்தோசமான செய்தியை ஆரும் தனிய வாசிப்பினம். மற்றதைத் தனிய வாசிக்க விடக் கூடாது," என்றார்.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். பெண்கள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்து, வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகுதான் போக வேண்டும். போனதும் தேநீர் தருவார்கள். அதைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "குடிச்சுப்போட்டுச் சொன்னால் அது ஏமாத்து," என்பார். சொன்ன பிறகு எழுந்து வரக் கூடாது. அவர்கள் பேசி முடிக்கும்வரை இருக்க வேண்டும். திட்டினால் திட்டு வாங்க வேண்டும். கொழும்பில் அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று பழியைத் தூக்கி வேறெங்கும் போடக் கூடாது.

முதல் தடவை அப்படி நான் போனது கொத்மலையில் ஓர் இளைஞர் இசைக்குழுவிடம். ரவி என்பவர் தலைவர். சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு, குடையும் புடிச்சிக்கிட்டு, இல்லன்னு சொல்றதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்களா? ஒரு ஃபோன் போட்டா போதாதா?"

நான் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னும் நிறையப் பேசினார். நான் தோட்டத்துப் பிள்ளையாக இருந்துகொண்டு தோட்டத்துக்காரர்களுக்கே கை கொடுப்பதில்லை என்றார். மழை பிடித்துக்கொண்டது. பேச்சு மெல்லக் குறைந்து, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவரே உள்ளே போய், ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். "குடிங்க. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு," என்றார். அடுத்த வருடம் அந்தக் குழுவே மறுபடியும் விண்ணப்பித்தது. கிடைத்தது. மேடம் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது புரிந்தது. அவர்கள் மறுபடியும் கேட்பதற்கான வழியைத் திறந்து வைத்துவிட்டு வருவதற்குத்தான் நாங்கள் போனோம்.

இந்த வழிக்கு அடங்காத ஒன்றும் வந்தது. டயகமவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டம். பெயரை எழுதவில்லை. அங்கே அன்னம்மாக்கா என்று ஒருவர் பெண்களின் நாடகக் குழு ஒன்றை நடத்திவந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கொழுந்து பறிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பரா மூடியிருக்கும். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்த அறையில், கட்டித் தொங்கும் ஏணைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அவர்கள் பழகுவார்கள். கசிப்பு குடித்துவிட்டு வரும் புருஷனைப் பற்றி, பள்ளிக்கூடம் அனுப்பாமல் நிறுத்தப்பட்ட பெண்ணைப் பற்றியெல்லாம் நாடகம் போட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கூட்டம் சிரித்துச் சிரித்துப் பார்க்கும். நாங்கள் இரண்டு தடவை உதவியிருந்தோம்.

அந்தக் குழுவில் பிறகு வந்து சேர்ந்தவள் மகேஸ்வரி. அப்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உடம்பு. அவள் கதையை அன்னம்மாக்காதான் எனக்குச் சொன்னார்.

மகேஸ்வரிக்கு முதல் பிரசவம். மழை நாள். வலி எதிர்பார்த்ததற்கு முந்தியே வந்துவிட்டது. தோட்டத்து ஆம்புலன்ஸ் பல மாதங்களாகப் பழுதாகி நின்றது. டவுனிலிருந்து வர வேண்டிய வண்டி, பாதையில் மண் சரிந்ததால் வரவில்லை. இருந்த ஒரே வாகனம் கொழுந்து ஏற்றும் லொறி. அதை எடுக்க வேண்டுமென்றால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி வேண்டும். அன்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஊரில் இல்லை. மகேஸ்வரியின் புருஷன் அலுவலகத்துக்கு ஓடினான். பெரிய கிளாக்கர், "பொறுங்க, கேட்டுச் சொல்றேன்," என்றார். மறுபடியும் ஓடினான். மறுபடியும் அதே பதில். லொறி கொழுந்தை இறக்கிவிட்டு அனுமதியோடு வந்தபோது இருட்டிவிட்டது. சாக்குகளின்மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தை வழியிலேயே பிறந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசல்வரை உயிர் இருந்தது என்று சிலர் சொன்னார்கள், இல்லை என்றும் சிலர் சொன்னார்கள்.

அதன் பிறகு மகேஸ்வரி யாரிடமும் பேசவில்லை. மலைக்குப் போவாள், வருவாள். அன்னம்மாக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளைக் காம்பராவில் உட்கார வைத்தார். பல வாரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அவளாகவே, "அக்கா, அதப் போடலாமா," என்று கேட்டிருக்கிறாள்.

நான் அந்த நாடகத்தை முதலில் பார்த்தது அந்த அறையில்தான். நான்கு பெண்கள் கொழுந்துச் சாக்குகளை இறுகப் பிடித்துச் சதுரமாக நின்றார்கள். நடுவில் அன்னம்மாக்கா, தாயாக, சாய்ந்திருந்தார். அதுதான் லொறி. வளைவு வரும்போது ஐந்து பேரும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வார்கள். ஐம்பது வயதுப் பெண் பிரசவ வலியில் இருப்பதாக நடிக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மகேஸ்வரி தாயாக நடிக்கவில்லை. அவள் பெரிய கிளாக்கராக நடித்தாள். புருஷனுடைய சட்டையைப் போட்டு, பையில் பேனா செருகி, கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்து கேட்பவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பொறுங்க, கேட்டுச் சொல்றேன்," என்றாள். மூன்று தடவை அதே வார்த்தை, அதே குரல். கோபம் இல்லை, கேலி இல்லை. அது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

முடிந்த பிறகு அவளிடம் கேட்டேன், ஏன் அந்தப் பாத்திரம் என்று.

"அந்த வார்த்தயச் சொல்லும்போது உள்ளுக்கு எப்படி இருக்கும்னு பாக்கணும் மிஸ்," என்றாள்.

"எப்படி இருக்கு?"

சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுமே இல்ல மிஸ். சும்மா இருக்கு. அதான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாக்குறேன்."

நான் திரும்பி வந்து கண்டதை எழுதினேன். நினைத்ததை மேடத்திடம் சொன்னேன். அந்த நாடகத்தை ஒரு வருடம் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோக அவர்கள் உதவி கேட்டிருந்தார்கள். மேடம் தன் கையாலேயே சிபாரிசு எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார்.

அதற்குள் அவர்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் சொந்தச் செலவில் போட்டுவிட்டார்கள். நான் ஓரிடத்துக்குப் போயிருந்தேன். கோயில் திருவிழா, பின்னேரம். வழக்கமாகச் சத்தம் போடும் கூட்டம் வாயே திறக்கவில்லை. லொறி கடைசி வளைவில் சாய்ந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண், "எங்க தோட்டத்துலயும்," என்று மட்டும் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்தி மேலே போய்விட்டது. அந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனியின் கையில் வேறு பல தோட்டங்களும் இருந்தன. எங்கள் குழுக்களில் பாதி அந்தத் தோட்டங்களில்தான். வாசிகசாலைக் கட்டடம், விளையாட்டு மைதானம், பழகும் மண்டபம் எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். கம்பெனியிலிருந்து கொழும்பில் எங்கள் அறங்காவலர்களிடம் பேசியிருக்கிறார்கள். பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லையாம். இந்த நாடகம் தொடர்ந்தால் எங்கள் அறக்கட்டளைக் குழுக்களுக்கு இனி அந்த இடங்களைத் தருவது கஷ்டம் என்று மட்டும் சொன்னார்களாம்.

கொழும்பு முதலில் சமாதானமாக ஒரு வழி சொன்னது. லொறிக் காட்சியையும் கிளாக்கர் காட்சியையும் எடுத்துவிட்டால் உதவி உண்டு. மழை, மண்சரிவு, பாதை இல்லாத கஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்ல நான்தான் போனேன். அன்னம்மாக்கா கேட்டுவிட்டு நீண்ட நேரம் வெற்றிலையை மென்றார்.

"லொறி வரலன்னு சொல்லாம புள்ள எப்படி மிஸ் சாகும்? சும்மாவா சாகும்?"

வந்து மேடத்திடம் அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த நாள் காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"வாசிகசாலைப் பிள்ளைகளையும் பந்தடிக்கிற பெடியளையும் ஒரு தட்டிலையும் இந்த நாடகத்தை மற்றத் தட்டிலையும் வைச்சுக் காட்டினவை, விஜயா. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். பிறகு, "இதைச் சொல்ல நீர் போக வேண்டாம். நான் போறன். நீர் கூட வந்தால் போதும்," என்றார்.

மேடத்துக்கு அப்போது முழங்கால் வருத்தம். மருத்துவர் ஏற்றம் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். முச்சக்கர வண்டி ஃபேக்டரி வளைவு வரைதான் போகும். அதற்கு மேல் கல்படி. ஒவ்வொரு படியிலும் குடையை ஊன்றி, நின்று, மூச்சு வாங்கி ஏறினார். நான் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்றார். தேயிலைக்குள் புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். பெண்கள் லயத்துக்கு முன்னால் இருக்கும் வெளியில் காத்திருந்தார்கள். அந்த வாரம் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவியைக் கேட்டால் தர வேண்டாம் என்று உத்தரவாம். ஒருத்தி பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து நடுவில் போட்டாள். மேடம் அதைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். தட்டில் தேநீர் வந்தது. அவர் தொடவில்லை.

"இந்த நாடகத்துக்கு எங்கடை அறக்கட்டளை உதவி செய்யாது," என்றார். "அதை மாத்தச் சொல்லிக் கேட்டதும் பிழை எண்டு நான் நினைக்கிறன். நீங்கள் மாத்தாமல் விட்டது சரி. ஆனால் பதில் இல்லை எண்டதுதான். அதைச் சொல்லத்தான் நான் வந்தனான்."

அன்னம்மாக்கா மேடத்தின் முழங்காலைப் பார்த்தார், சேலைக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"சரிங்க மேடம். எங்களுக்குத் தெரியும், பூட்டுப் போட்ட அன்னைக்கே தெரியும்," என்றார். "நீங்க இத இன்னும் பாக்கலயே. விஜயா மிஸ் சொல்லித்தான கேட்டிருப்பீங்க. இம்புட்டுத் தூரம் ஏறி வந்துட்டீங்க. ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

கேட்டதில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. பதிலைத்தான் முதலிலேயே கேட்டுவிட்டார்களே. மேடம் தலையசைத்தார்.

சாக்குகளை எடுத்துவந்தார்கள். மகேஸ்வரி வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். லயத்து ஆட்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். வெயிலும் பனியும் மாறி மாறி வந்தன. நாடகம் தொடங்கியது. வலி வந்தது. ஆம்புலன்ஸ் இல்லை என்றார்கள். புருஷனாக நடித்த பெண் ஓடிவந்து கிளாக்கர் முன்னால் நின்றாள்.

"ஐயா, லொறி வேணுங்க. பொம்பளப் புள்ள துடிக்குதுங்க."

"பொறுங்க, கேட்டுச் சொல்றேன்."

இரண்டாம் தடவை ஓடி வந்தாள். "பொறுங்க, கேட்டுச் சொல்றேன்."

மூன்றாம் தடவை. மகேஸ்வரி நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நான் பார்த்த எந்தத் தடவையும் அவள் நிமிர்ந்ததில்லை. கதிரையிலிருந்து எழுந்தாள்.

"ஏத்துங்க," என்றாள். "கேக்க வேணாம். இப்பவே ஏத்துங்க."

எதிரில் நின்றவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாக்கைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாயாகச் சாய்ந்திருந்த அன்னம்மாக்கா கண்ணைத் திறந்தார்.

"ஏத்துங்கன்னு சொல்றேன்ல," என்று மகேஸ்வரி மறுபடியும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது.

அவர்கள் ஏற்றினார்கள். நான்கு பெண்களும் சாக்குகளைப் பிடித்துக்கொண்டு அன்னம்மாக்காவை நடுவில் வைத்து ஓடினார்கள். பழகாத ஓட்டம். லய வாசல்களைத் தாண்டி, தண்ணீர் பிடிக்கும் பீலியைச் சுற்றி, திரும்ப வந்து, மூச்சு வாங்க மேடத்துக்கு முன்னால் நின்றார்கள். மகேஸ்வரி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்னம்மாக்கா சாக்கை விட்டு வெளியே வந்தார். "இதுக்கு மேல கதை இல்லைங்க மேடம்," என்றார். "புள்ள பொழச்சிட்டா நாங்க என்ன செய்யுறதுன்னு பழகல."

மேடம், "விளங்குது," என்றார். அந்த ஒரு சொல்தான். பிறகு தேநீரை எடுத்துக் குடித்தார். அது முழுக்க ஆறியிருந்தது. மகேஸ்வரி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். மேடம் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்று அவள் தலையில் கை வைத்தார். எங்களை எழும்பச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நாங்களும் எழும்பவில்லை. மலை முழுக்கப் பனி இறங்கும் வரை இருந்தோம்.

பஸ்ஸில் வரும்போது தலவாக்கலை தாண்டியதும் மேடம் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளை ஏத்துங்க எண்டு சொன்னது பழக்கினதோ?"

"இல்ல மேடம். இன்னைக்குத்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு அந்தக் குழு நிலைக்கவில்லை. பழக இடமில்லை. இரண்டு பெண்களுக்கு வேலையில் தொந்தரவு வந்தது. ஒருத்தியின் புருஷன் போகக் கூடாது என்றான். அன்னம்மாக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, மறு வருடம் காலமானார். இழவுக்கு நானும் மேடமும் போனோம். அந்தக் கம்பெனியின் தோட்டங்களில் எங்கள் மற்றக் குழுக்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. வாசிகசாலைகள் திறந்திருந்தன. பந்து விளையாடினார்கள். மேடம் ஓய்வு பெறும்வரை வேலையை எப்போதும்போலவே செய்தார். ஆனால் அறங்காவலர்கள் ஹட்டனுக்கு வரும் நாட்களில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் விரதம் என்பார். எத்தனை விரதம் என்று யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் திரும்பிய கொஞ்ச காலத்தில் அவரும் போய்விட்டார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை.

நிரோஷா, நீ கேட்டதற்கு இதெல்லாம் பதில்தானா என்று தெரியவில்லை. நேரில் போய்ச் சொன்னால் வலி குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று யாருக்கும் குறையவில்லை. ஆனால் அந்தப் பஜனைக் குழுத் தலைவர் உன் முன்னால் நின்றபோது நீ அவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கலாம். பேசாவிட்டாலும் பரவாயில்லை, கூட உட்கார்ந்திருக்கலாம்.

போன தீபாவளிக்கு முந்திய நாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், "விஜயா மிஸ்," என்று கூப்பிட்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மகேஸ்வரி. கொழும்பில் ஒரு தையல் கடையில் புருஷனும் அவளும் வேலை செய்கிறார்களாம். ஒரு பையன் இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். தீபாவளிக்கு மாமியாரைப் பார்க்க வந்திருக்கிறாள். மேடம் காலமானதைச் சொன்னேன். கையிலிருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"அன்னைக்கு மேடத்துக்கு முன்னால நடிச்சதுதான் மிஸ் கடைசி. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒருத்தர்கிட்டயும் பேசினதில்ல. வீட்டுக்காரருகிட்டகூட."

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவள் ஏறவில்லை.

"நாடகத்துல நாங்க எல்லாரும் புள்ள, புள்ளன்னுதான் சொல்லுவோம். அதுக்குப் பேரு இருந்திச்சு மிஸ். வயித்துல இருக்கையிலயே வச்சிட்டேன். பொம்பளப் புள்ளன்னா மலர்விழின்னு. யாருக்கும் சொல்லல. அன்னம்மாக்காவுக்கும் தெரியாது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் டயகம, டயகம என்று கூவிக்கொண்டிருந்தான்.

"ஒருக்கா நீங்க சொல்லுங்க மிஸ்," என்றாள். "நான் மனசுக்குள்ள மட்டும்தான் கூப்புட்டிருக்கேன். வேற ஆள் சொல்லிக் கேட்டதே இல்ல."

"மலர்விழி," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.